தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்

செடி மொட்டை மாடியில் இருந்தது. தண்ணீர்த் தொட்டிக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே, பழைய பெயின்ட் டப்பா ஒன்றில், முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து நின்றது. பொங்கலுக்குத் தூத்துக்குடி போயிருந்தபோது சித்தி மகன்தான் கூட்டிப்போய்க் காட்டினான். அவன் முகத்தில் பயமே இல்லை. முதல் சம்பளத்தில் வாங்கிய பைக்கைக் காட்டுகிறவனின் பெருமைதான் இருந்தது.

"எல்லாம் பாத்துட்டுத்தாம்ணே வச்சிருக்கேன். இதுல சட்டப்படி ஒண்ணும் பண்ண முடியாது."

அவனுக்கு 22 வயது. கப்பல் வேலைக்கான படிப்பை முடித்து, சிடிசி வாங்கி, முதல் கப்பலுக்காகக் காத்திருந்தான். அவனிடம் மூன்று வாதங்கள் இருந்தன. ஒன்று, கஞ்சா விதையைச் சத்துணவு என்று கடையிலேயே விற்கிறார்கள். இரண்டு, இலை என்றால் பாங்கு. வடக்கே அரசு உரிமம் பெற்ற கடையில் கிடைக்கிறது. மூன்று, ஒரு கிலோ வரைக்கும் சட்டத்தில் 'சிறிய அளவு'தான். "ஒத்தச் செடியில எங்கண்ணே ஒரு கிலோ வரப்போவுது?"

நான் பதில் சொல்வதற்குள் சித்தி வற்றல் எடுக்க மேலே வந்துவிட்டார். எடுத்து முடித்ததும் வழக்கம்போல வாளியிலிருந்து துளசிக்கு, செம்பருத்திக்கு, கற்றாழைக்கு என்று வரிசையாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்தார். தொட்டிக்குப் பின்னால் குனிந்து அதற்கும் ஊற்றினார். "என்ன பூ பூக்குமோ தெரியல. இலை மட்டும் நல்லா வருது" என்றார். அவன் என்னைப் பார்க்கவில்லை.

சித்தப்பா போன பிறகு அந்த வீட்டுப் பத்திரம் சித்தி பெயரில் இருக்கிறது.

மென்பொருள் வேலையில் பாதி நேரம் நான் செய்வது ஒன்றுதான்: ஓர் ஆவணம் சொல்வதாக எல்லோரும் நினைப்பதற்கும் அது உண்மையில் சொல்வதற்கும் நடுவிலுள்ள இடைவெளியைத் தேடுவது. அன்றிரவு 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தை, என்டிபிஎஸ் என்று செய்தித்தாள்களில் வருமே, அதைப் போனில் திறந்து பிரிவு பிரிவாகப் படித்தேன். அவன் வாதங்கள் ஒவ்வொன்றும் பாதி உண்மை என்று தெரிந்தது. மாட்டிவிடுவதும் அந்தப் பாதி உண்மைதான்.

சட்டத்தின் வரையறையில் கஞ்சா என்றால் செடியின் பூக்கும் அல்லது காய்க்கும் நுனிகள். அந்த நுனிகளோடு சேராத விதையும் இலையும் அதில் அடங்காது. அவன் வாசித்தது இந்த வரியை. அதற்கு அடுத்த வரையறையில் 'கஞ்சாச் செடி' என்பது தனியாக வருகிறது: அந்தப் பேரினத்தைச் சேர்ந்த எந்தச் செடியும். எட்டாவது பிரிவு அந்தச் செடியை யாரும் பயிரிடக் கூடாது என்கிறது. மருத்துவம், அறிவியல் தேவைக்கும், அரசு அனுமதித்த வழியிலும் மட்டும் விலக்கு. விதையை வாயில் போட்டால் உணவு, மண்ணில் போட்டால் குற்றம். இலைக்கு விலக்கு உண்டு. அந்த இலையைத் தாங்கி நிற்கும் தண்டுக்குக் கிடையாது.

ஒரு கிலோ கணக்கும் அப்படித்தான். கஞ்சாவை வைத்திருந்தால், விற்றால், கொண்டுபோனால் எடை பார்க்கிறார்கள். 1 கிலோ வரை 'சிறிய அளவு': ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 20 கிலோவைத் தாண்டினால் 'வணிக அளவு': குறைந்தது 10 ஆண்டு. இருபதாம் பிரிவின் முதல் உட்பிரிவான பயிரிடுதலுக்கு இந்தப் படிக்கட்டே கிடையாது. 10 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். குறைந்தபட்சத் தண்டனை சொல்லப்படவில்லை. எவ்வளவு என்பதை நீதிமன்றம் முடிவு செய்யும். ஆனால் ஒரு செடியா ஓர் ஏக்கரா என்று அந்த வரி கேட்பதில்லை.

இருபத்தைந்தாம் பிரிவில் போனைக் கீழே வைத்தேன். தெரிந்தே தன் வீட்டை இந்தச் சட்டத்தின் கீழான குற்றத்துக்குப் பயன்படுத்த விட்ட உரிமையாளருக்கும் அதே தண்டனை. சித்திக்குத் தெரியாதுதான். ஆனால் அந்தத் 'தெரியாது' நிரூபணமாகும் வரைக்கும் அவர் எங்கெங்கே போய் உட்கார வேண்டியிருக்கும்?

மறுநாள் காலை அவனிடம் சொன்னேன். கத்தவில்லை, பிரிவுகளைக் காட்டினேன். சிடிசியைப் பற்றி நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவனே போய்ச் செடியை வேரோடு பிடுங்கினான். பிடுங்கிவிட்டு வந்து உட்கார்ந்து கேட்டான்: "வச்சிருக்கதுக்குக் கிலோக் கணக்கு பாக்கான். வளக்கதுக்கு மட்டும் ஏம்ணே கணக்கே இல்ல?"

அந்தக் கேள்விக்கு அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. விடை அந்த மாடியிலிருந்தே பார்க்கக்கூடிய தூரத்தில் இருந்தது என்பது பிறகுதான் புரிந்தது.

*

சித்தி வீடு முத்தையாபுரம் பக்கம். மொட்டை மாடியில் நின்றால் உப்பளம் தெரியும். பாத்தி பாத்தியாக வெள்ளை. அதைத் தாண்டிக் கடல்.

இந்தக் கடற்கரையில் இயற்கையாக விளையும் எதுவும் விளைந்த இடத்தில் இருப்பவனுக்கே சொந்தம் என்று ஆனதில்லை. முத்தைப் பாருங்கள். மன்னார் வளைகுடாவின் அடியில் தொலையிரம் பார் போன்ற முத்துப்பார்களில் சிப்பியை வளர்த்தது கடல். மூச்சடக்கி இறங்கி எடுத்தவர் குளியாள். ஆனால் எப்போது குளிக்கலாம், எத்தனை படகு போகலாம் என்பதையெல்லாம் பாண்டியர், போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று அந்தந்தக் காலத்து ஆட்சிதான் சொன்னது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தூத்துக்குடிக் குளிப்புகளில் கரைக்கு வந்த சிப்பியை மூன்றாகப் பிரித்து இரண்டு பங்கை அரசு எடுத்துக்கொண்டது. ஒரு பங்கு குளியாளுக்கு. அறிவிப்பு வராத வருஷம் சிப்பியைத் தொடுவது திருட்டு. 1961-க்குப் பிறகு பெரிய முத்துக்குளிப்பே நடக்கவில்லை என்பதால் அந்தச் சட்டத்தின் கூர்மை நமக்கு மறந்துபோயிற்று.

உப்பு இன்னும் நெருக்கமான உதாரணம். 1889-இல் சென்னை மாகாணத்துக்கு ஓர் உப்புச் சட்டம் வந்தது. உரிமம் இல்லாமல் உப்பு எடுக்கக் கூடாது. விற்பதற்காகக் காய்ச்சினால்தான் குற்றம் என்றில்லை. கடல்நீர் தேங்கிக் காய்ந்து தானாகப் படிந்த உப்பை வீட்டுக் குழம்புக்கு அள்ளிவந்தாலும் குற்றம்தான். காரணம் எளிது. உப்பின் மேல் வரி இருந்தது. வீட்டில் எடுத்த உப்புக்கு வரி கட்ட மாட்டார்கள். வரியைக் காப்பாற்ற ஒரே வழி, உற்பத்தியைச் சில இடங்களில் குவித்து வேலி போட்டு, மற்ற எல்லா உற்பத்தியையும் குற்றமாக்குவது. எவ்வளவு எடுத்தாய் என்ற கேள்வி அங்கே எழாது. அனுமதி இருக்கிறதா என்பதே கேள்வி.

சித்தி மகன் கேட்டதற்கான விடையின் முதல் பாதி இது. வரி போடுகிற அரசுக்கு வைத்திருப்பவன் வாடிக்கையாளன், வளர்ப்பவன் போட்டியாளன். கஞ்சாவுக்கும் உப்புக்கும் ஒரே காலத்தில், ஒரே மாதிரி மனிதர்கள், ஒரே வகைக் கணக்கைப் போட்டார்கள்.

*

சென்னை மாகாணத்தில் கஞ்சா பெரிய பயிராக இருந்ததில்லை. வடக்கே கிருஷ்ணா மாவட்டத்தில் பயிரிட்டார்கள்; தமிழ்ப் பகுதியில் ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடியினர் பயிரிட்டார்கள். சித்த மருத்துவத்துக்கு அது பழைய சரக்கு. கோரக்கர் மூலி, சிவமூலி என்ற பெயர்களில் லேகியங்களில் சேர்ந்தது. இன்றும் உரிமத்தோடு மருந்தில் சேர்க்கலாம்.

1893-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் மதுவிலக்கு ஆதரவு உறுப்பினர் வில்லியம் கெய்ன் கேள்வி எழுப்பினார். இந்தியர்களைக் கஞ்சா பைத்தியமாக்குகிறது என்ற பேச்சு அங்கே வலுத்திருந்த நேரம். விளைவாக இந்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. தலைவர் மக்வொர்த் யங். ஏழு உறுப்பினர்களில் மூவர் இந்தியர். அவர்கள் 1,193 பேரிடம் சாட்சியம் வாங்கினார்கள். 1894-இல் பல தொகுதிகளாக அறிக்கை வந்தது. கஞ்சாவைப் பற்றி அதுவரை எந்த அரசும் செய்யாத அளவு பெரிய விசாரணை அது.

அதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, அவர்கள் மனநலக் காப்பகங்களின் பதிவேடுகளைச் சோதித்தது. 1892-இல் சேர்க்கப்பட்டவர்களில் 222 பேருக்குக் காரணம் கஞ்சா, பாங்கு வகையறா என்று எழுதியிருந்தது. ஒவ்வொரு கேஸாகத் தோண்டினார்கள். தேறியது 98. அந்த 98-லும் ஒரு பகுதியினருக்கு வேறு காரணங்களும் சேர்ந்திருந்தன. மற்றவர்கள் எப்படிப் பட்டியலுக்குள் வந்தார்கள்? தெருவில் திரிந்தவரைப் போலீஸ் கொண்டுவந்து விடும். படிவத்தில் 'காரணம்' என்ற கட்டம் காலியாக இருக்கக் கூடாது. ஊரும் பேரும் தெரியாதவருக்கு எதை எழுதுவது? கஞ்சா என்று எழுதிவிடுவது. கட்டாயம் நிரப்ப வேண்டிய ஒரு கட்டம் எத்தனை பொய்த் தரவுகளை உண்டாக்கும் என்று தெரிந்துகொள்ள நான் பொறியியல் படிக்க வேண்டியிருந்தது. அவர்கள் 1894-இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள்.

மிதமாகப் பயன்படுத்துவோருக்குப் பெரிய கேடு இல்லை, மிஞ்சினால் கேடு உண்டு என்பது குழுவின் முடிவு. முழுத் தடை தேவையில்லை என்றது. தடை போட்டால் அதிகாரிகள் வீடு வீடாக நுழைந்து கெடுபிடி செய்ய வழி திறக்கும், ஜனங்கள் இதைவிட மோசமான போதைக்குத் தாவுவார்கள் என்றும் எச்சரித்தது. இணையத்தில் கஞ்சா ஆதரவாளர்கள் இந்த அறிக்கையைத் தலையில் வைத்துக் கொண்டாடுவது இதனால்தான்.

ஆனால் அவர்கள் கடைசிப் பரிந்துரைகள் வரை வாசிப்பதில்லை. அங்கே அதே குழு சொல்கிறது: பயிரிடுவது உரிமத்தின் பேரில் மட்டுமே இருக்க வேண்டும், போதுமான வரி வேண்டும், கடைகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த வேண்டும், ஒருவர் வைத்திருக்கும் அளவுக்கு வரம்பு வேண்டும். வரம்பு 5 தோலா. இன்றைய கணக்கில் சுமார் 58 கிராம். வாங்கி வைத்துக்கொள்ளலாம், வளர்க்கக் கூடாது.

வைத்திருப்பதற்கு எடை, வளர்ப்பதற்கு அனுமதி. 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தில் நான் பார்த்த அதே பிளவு 1894-இல் அச்சாகிக் கிடக்கிறது. போதையைக் கண்டு அஞ்சாத மனிதர்கள் அதை எழுதினார்கள். அவர்களை உறுத்தியது, உரிமமும் வரியும் இல்லாமல் கொல்லைப்புறத்தில் நிற்கும் செடி.

*

விடையின் இரண்டாம் பாதி, உப்பும் கஞ்சாவும் பிரிந்த இடம்.

1930 ஏப்ரல் 13-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்தார். ஏப்ரல் 30-இல் வேதாரண்யத்தில் உப்பு அள்ளிக் கைதானார். காந்தி தண்டிக்குக் கிளம்புவதற்கு முன்பே வைஸ்ராய் இர்வினுக்குக் கடிதம் எழுதிச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். நாள், பாதை, இடம் எல்லாம் போலீசுக்குத் தெரியும். அடுத்த ஆண்டு மார்ச்சில் காந்தி–இர்வின் ஒப்பந்தம் கையெழுத்தானது. உப்புச் சட்டம் ரத்தாகவில்லை. ஆனால் ஒரு சலுகை நுழைந்தது: உப்பு கிடைக்கும் இடங்களை ஒட்டிய கிராமத்தார் வீட்டு உபயோகத்துக்கும் தங்கள் கிராமத்துக்குள் விற்கவும் உப்பு எடுத்துக்கொள்ளலாம், வெளியாளுக்கு விற்கக் கூடாது.

இதை இரண்டாம் முறை வாசித்தபோதுதான் உறைத்தது. இன்று ஜெர்மனியிலும் கனடாவிலும் வீட்டுக் கஞ்சாச் செடிக்கு எழுதியிருக்கும் விதியின் வடிவம் ஏறக்குறைய இதேதான். கனடாவில் 2018 முதல் பெரும்பாலான மாகாணங்களில் வீட்டுக்கு 4 செடி, ஜெர்மனியில் 2024 ஏப்ரல் முதல் வயதுவந்த ஒருவருக்கு 3 செடி, விற்பனைக்குக் கிடையாது. சொந்தத் தேவைக்கு விடு, சந்தைக்கு விடாதே என்ற கோட்டை நம் கடற்கரைகளுக்காக 1931-லேயே போட்டிருக்கிறார்கள்.

கஞ்சாவுக்கு யாரும் அந்தக் கோட்டைக் கேட்கவில்லை. கேட்டிருக்கவும் முடியாது. உப்பு எல்லோருடைய சோற்றிலும் இருந்தது. கஞ்சா சாமியார், கூலியாள், கடைத்தெருவோரம் என்று விளிம்பிலிருப்பவர்களின் பொருளாகப் பார்க்கப்பட்டது. உப்பை விடுதலையின் சின்னமாக்கிய அதே இயக்கத்துக்கு எல்லாப் போதையும் எதிரி. 1937-இல் ராஜாஜியின் அமைச்சரவை கொண்டுவந்த மதுவிலக்குச் சட்டம் மதுவோடு மற்ற போதைப்பொருள்களையும் சேர்த்தே பேசியது. வருவாய்க்காகப் போட்ட வேலிக்குள் இப்போது ஒழுக்கம் குடிவந்தது. உப்பு வரி 1947-இல் போயிற்று. செடியைச் சுற்றிய வேலி போகவில்லை.

பிறகு வந்தவை வெளியுலக அழுத்தங்கள். 1925-இல் ஜெனீவா மாநாட்டில் எகிப்து கஞ்சாவைக் கட்டுப்பாட்டுக்குள் இழுத்தது. இந்தியா தன் சமய, சமூக வழக்கங்களைச் சொல்லித் தயங்கியது. 1961-இன் ஐ.நா. உடன்படிக்கையில் நுனியில்லாத இலைக்கும் விதைக்கும் விலக்கு நுழைந்தது. பாங்கு பிழைத்தது அப்படித்தான். மருத்துவம் சாராத பயன்பாட்டை நிறுத்த 25 ஆண்டு அவகாசம் இருந்தது. 1985 நவம்பர் 14-இல் நம் சட்டம் அமலுக்கு வந்ததன் பின்னால் அந்தக் கெடுவும் இருந்தது. 'தோட்டக்கலை நோக்கத்துக்கு' அனுமதிக்கலாம் என்று அதன் பதினான்காம் பிரிவில் ஒரு சொல் வருவதும் அந்த உடன்படிக்கையின் எச்சம். மாடித் தோட்டக்காரர்கள் மகிழ வேண்டாம். நார், விதை, தோட்டக்கலை எதுவானாலும் அரசின் ஆணை முதலில் வேண்டும். உத்தராகண்ட் 2018-இல் தொழில்துறைச் சணலுக்கு அப்படி உரிமம் கொடுக்கத் தொடங்கியது. செடியில் டிஎச்சி 0.3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற நிபந்தனையோடு. உணவாக விதையை விற்க 2021-இல் வழி பிறந்தது. வீட்டில் வளர்க்க எங்கும் வழி பிறக்கவில்லை. இந்தியாவில் சட்டத்துக்கு உட்பட்டு, உரிமம் இல்லாமல், வீட்டில் வளர்க்கக்கூடிய கஞ்சாச் செடிகளின் எண்ணிக்கை சுழியம்.

தூத்துக்குடியில் அந்தச் சுழியத்துக்குக் கூடுதல் கனம் உண்டு. ஆந்திரத்தின் கிழக்கு மலைகளில் விளையும் கஞ்சா சாலை வழியாக இந்தக் கரைக்கு வந்து, பீடி இலையும் மஞ்சளும் போகும் அதே கடல்வழியில் இலங்கைக்குப் போகிறது. அங்கே போனதும் அதன் பெயர் 'கேரளக் கஞ்சா'. இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளில் அப்படித்தான் எழுதுகிறார்கள். சுங்கத்துறை, கடலோரக் காவல்படை, கியூ பிரிவு எல்லோரும் ராத்திரி முழுக்க விழித்திருக்கும் கரை இது. மூட்டைகளைத் தேடிப் பழகிய கண்ணுக்குப் பெயின்ட் டப்பாவில் நிற்கும் செடி விளையாட்டுப் பிள்ளையின் ஆர்வமாகத் தெரியாது.

*

போன வருஷம் அவன் கப்பல் டர்பனில் நின்றது. வாட்ஸப்பில் செய்தி: "அண்ணே, இங்க வீட்டுல வளக்கலாமாம். நம்ம ஊரு ஆளுங்கதான் இங்கே பாதிப்பேரு!"

பாதிப்பேர் என்பது அவன் கணக்கு. ஆனால் அந்தத் துறைமுகத்துக்கும் இந்தச் செடிக்கும் இடையிலான கதையில் நம் ஆட்கள் உண்டு. 1860 நவம்பர் 16-இல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய 'ட்ரூரோ' கப்பல் அங்கேதான் கரை சேர்ந்தது. பத்து வருஷம் கழித்து, 1870-இல், நேட்டால் அரசு கூலிகளுக்கென்று ஒரு சட்டத் தொகுப்பு கொண்டுவந்தது. கூலிகள் கஞ்சாச் செடியின் எந்தப் பகுதியையும் புகைக்கவோ வைத்திருக்கவோ கூடாது, அவர்களுக்கு யாரும் விற்கவோ சும்மா கொடுக்கவோ கூடாது என்றது அது. கரும்புத் தோட்டத்தில் வேலை நடக்க வேண்டும் என்ற கவலையில் பிறந்த தடை. அதன் முதல் இலக்கு தமிழும் தெலுங்கும் பேசிய உடல்கள்.

அதே நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2018 செப்டம்பர் 18-இல், வயதுவந்த ஒருவர் தனக்காகத் தன் தனிப்பட்ட இடத்தில் வளர்ப்பதைக் குற்றமாக்குவது அந்தரங்க உரிமைக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று நம் உச்ச நீதிமன்றமும் 2017-இல் சொல்லியிருக்கிறது. அதை வைத்து இங்கே செடிக்கு வழி கிடைத்துவிடவில்லை.

அவனுக்கு நான் எழுதிய பதிலில் கேரத் பிரின்ஸைப் பற்றிச் சொன்னேன். ராஸ்டஃபாரி சமயத்தவர், சட்டம் படித்தவர். கஞ்சா வைத்திருந்ததாக முன்பு இரண்டு தண்டனைகள் இருந்தன. என் சமயம் இது, இனியும் பயன்படுத்துவேன் என்று மறைக்காமல் சொன்னார். வழக்கறிஞர் ஆவதற்கான பதிவை மறுத்துவிட்டார்கள். நீதிமன்றம் போனார். 2002-இல் ஒரே ஒரு நீதிபதி வித்தியாசத்தில் தோற்றார். 2018-இல் வென்ற வழக்கிலும் அவர் பெயர் இருக்கிறது. நடுவே 16 வருஷம்.

ஒரு செடிக்காக ஒருவனைப் பத்து வருஷம் வரை உள்ளே வைக்கலாம் என்ற சட்டம் எனக்கும் நியாயமாகப் படவில்லை. பழைய வரிக் கணக்கின் எலும்புக்கூடு அது என்றே நினைக்கிறேன். மாற வேண்டும் என்று எழுதலாம், மனுப் போடலாம், வழக்காடலாம். மாற்றிக் காட்டியவர்கள் எல்லோரும் தங்கள் பெயரைச் சொல்லி, நாளைச் சொல்லி, விலை என்னவென்று தெரிந்து, தாங்களே அதைக் கொடுத்தவர்கள். வேதாரண்யத்தில் உப்பை வெட்டவெளியில் அள்ளினார்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைத்த செடிக்கு விலை கொடுக்கப் போவது வைத்தவன் மட்டும் இல்லை; என்னவென்று தெரியாமல் தினமும் தண்ணீர் ஊற்றியவரும்தான்.

நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை. ரெண்டு நாள் கழித்து, நடுக்கடலிலிருந்து ஒரே வரி: "அம்மாட்ட சொல்லிராதிய."

சொல்லவில்லை. இந்தப் பொங்கலுக்குப் போனபோது சித்திதான் மாடிக்குக் கூட்டிப்போனார். "அந்தச் செடி பட்டுப்போச்சுன்னு அவன் சொன்னான். நல்லாத்தான் நின்னுச்சு" என்றார். அதே டப்பாவில் கற்பூரவல்லி வைத்திருக்கிறார். தொட்டிக்குப் பின்னால் வெயில் பத்தவில்லையாம், முன்னால் நகர்த்தியிருக்கிறார்.